புது டயர் முன்னாலே

தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, டயரின் பட்டன்களுக்கு இடையில் இருக்கிற பள்ளத்துக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தேன். நகம் முழுதும் உள்ளே போயிற்று.

"இவ்வளவு பட்டன் இருக்குற டயர எந்தக் கிறுக்கன் கழட்டுவான்?" என்று கேட்டேன். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். என் தம்பி டேனியல் சிரிக்கவில்லை.

தேனியில், பெரியகுளம் ரோட்டில் இருக்கிற சுருளியின் டயர் கடை அது. இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காற்றடிக்கிற மோட்டார் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. கடை முழுக்கப் புது ரப்பர் வாசனை. அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். மல்லிகைப்பூவை விடப் பிடிக்கும் என்று சொன்னால் எங்கள் சபைப் பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

இந்த அத்தியாயத்தை ஆறு வாரமாகத் தள்ளிப்போட்டேன். இதற்குப் பதிலாக, ஓடைப்பட்டித் திராட்சை லோடு மழையில் மாட்டிய கதையை எழுதினேன். ஜெயமங்கலத்து டிரைவர் இரண்டு வீட்டில் சாப்பிட்ட கதையை எழுதினேன். நீங்களும் ரசித்துக் கடிதம் போட்டீர்கள். ஒவ்வொரு கடிதத்தைப் படிக்கும்போதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊரில் இருக்கிற எல்லாருடைய குறையையும் எழுதிவிட்டு என்னுடையதை மட்டும் சுருட்டி மூலையில் வைத்திருந்தேன்.

அப்பாவின் சட்டம்

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா லாரி வைத்திருந்தார். வாழைத்தார், மாங்காய், ஏலக்காய் என்று கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற எதுவும் எங்கள் லாரியில் ஏறியிருக்கும். அப்பா படுக்கையில் விழுந்ததும் ஆபீஸை நான் எடுத்துக்கொண்டேன். பொம்பளை லாரி ஆபீஸில் உட்காருவதா என்று பஜாரில் பேசினார்கள். பேசினவர்களின் சரக்கும் எங்கள் லாரியில்தான் போயிற்று.

எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. டயர் தெரியும். இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், காற்று குறைவா சரியா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். டிரைவர்கள் எனக்குப் பயந்தது அதற்காகத்தான்.

டயர் விஷயத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம். புதுசு முன்னால், பழசு பின்னால். லாரிக்கு முன்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம்தான். அது வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. பின்னால் இருப்பதோ இரட்டைச் சக்கரம். ஒன்று போனாலும் பக்கத்தில் இருப்பது தாங்கிக்கொள்ளும்.

உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம், முன் டயர் வெடித்துப் புளியமரத்தில் மோதிய எங்கள் வண்டியை என் பதினாறாவது வயதில் பார்த்தேன். டிரைவரை வெளியே எடுக்க அரை நாள் ஆயிற்று. அப்பா மரத்தடியில் நின்றுகொண்டு, "பழைய டயர முன்னாடி போட்டான் பாவி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் லாரியில் எந்த டயரும் கிழடானதில்லை. ஓடி ஓடி வருஷத்துக்குள் தேய்ந்துவிடும். மேல் ரப்பரை மட்டும் புதிதாக ஒட்டி மறுபடி ஓட்டுவோம். அதுவும் தேய்ந்துவிடும். டயருக்கு வயது என்று ஒன்று இருப்பதே எங்கள் தொழிலில் யாருக்கும் உறைக்காது. பட்டன் இருந்தால் நல்ல டயர், இல்லாவிட்டால் கெட்ட டயர். எங்கள் படிப்பு அதோடு சரி.

நாற்பதைத் தாண்டி வந்த கிறுக்கு

டேனி என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். லாரிப் பக்கம் தலைவைத்தே படுக்கமாட்டான். திராட்சைத் தோட்டங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். பொறுமையான வேலை, பொறுமையான ஆள். அப்படிப்பட்டவன் நாற்பதைத் தாண்டிய பிறகு, கட்டப்பனையில் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

ஜப்பான்காரன் செய்த கார். செய்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டே இருக்கை. மேலே துணிக்கூரை, மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். நான் நின்றால் என் இடுப்புக்குச் சற்று மேலே வரும். எஸ்டேட்காரர் அதை ஓட்டியதைவிட ஷெட்டில் வைத்துத் துடைத்ததுதான் அதிகமாம்.

"இதுல தக்காளிப் பெட்டி ரெண்டு ஏத்த முடியுமாலே?" என்று கேட்டேன்.

"பெட்டி ஏத்துறதுக்கு இல்லக்கா. கிருபாவ ஏத்துறதுக்கு" என்றான். அவன் மனைவி கிருபா வாசல்படியில் நின்றபடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம், பிள்ளை இல்லை, ஆனாலும் புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் போல இருப்பார்கள் இருவரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூரையைத் திறந்துவிட்டு வைகை அணை வரை போய் வருவார்கள். கிருபாவின் தலைமுடி கலைந்து பறக்கும், அதை அவள் கட்டவே மாட்டாள். சபையில் பாதிப் பேருக்கு அது கண்ணை உறுத்தியது. எனக்கும் உறுத்தியது. எனக்கு ஏன் கல்யாணம் அமையவில்லை என்பதை முன்பே எழுதியிருக்கிறேன், இங்கே மறுபடி எழுதப்போவதில்லை.

மாத்திரையா, எக்ஸ்பயரி பார்க்க?

அன்று கடைக்குப் போனது இதற்காகத்தான். அந்தச் சனிக்கிழமை பூப்பாறையில் கிருபாவின் சித்தி மகளுக்குக் கல்யாணம். மலைமேல் அந்தக் காரில் போக வேண்டுமென்று டேனிக்கு ஆசை. முன் டயர் இரண்டும் ஒரு ஓரமாகத் தேய்ந்து உள்ளே இருக்கிற கம்பி தெரிந்தது. பின் டயர் இரண்டிலும் பட்டன் அப்படியே இருந்தது. பக்கவாட்டில் மட்டும் நூல் நூலாக வெடிப்பு.

நாலையும் மாற்ற வேண்டும் என்றான் டேனி. அந்தக் காருக்குப் பொருத்தமான டயர் சுருளியிடம் இரண்டுதான் இருந்தது. மற்ற இரண்டும் கொச்சியிலிருந்து வரப் பத்து நாள் ஆகுமாம். சுருளி வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தான். நான் குத்தவைத்து உட்கார்ந்து பின் டயரில் நகத்தை விட்டுப் பார்த்தது அப்போதுதான்.

டேனியும் என் பக்கத்தில் உட்கார்ந்தான். டயரின் பக்கவாட்டை விரலால் துடைத்து நாலு எண்ணைக் காட்டினான்.

"இங்கன பாருக்கா. முதல் ரெண்டு எண்ணு வாரம், அடுத்த ரெண்டு வருசம். இது செஞ்சு பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. பட்டன் இருக்கும், ரப்பர் செத்துப்போயிருக்கும்."

"டயரு என்ன மாத்திரையாலே, எக்ஸ்பயரி பாத்துப் போட?"

மறுபடி சிரிப்பு. டேனி காத்திருந்துவிட்டுச் சொன்னான்.

"சரி, ரெண்டுதான் இருக்குன்னா அதப் பின்னாடி போட்டு, பின்னாடி கிடக்குறத முன்னாடி மாத்துவோம். இந்தக் காரத் தள்ளுறது பின் சக்கரம். வெயிட்டும் கிடையாது. மழையில பின்னாடி வழுக்குச்சுன்னா வண்டி சுத்திரும்க்கா."

"எதுல படிச்ச?"

"காரோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு."

"நான் புத்தகத்துல படிக்கல. மரத்துல மோதுன வண்டியப் பாத்துப் படிச்சேன். புதுசு முன்னாடிதான்."

"அது லாரிக்குக்கா. லாரிக்குப் பின்னாடி ரெட்டைச் சக்கரம். இதுக்கு ஏது?"

சரியான கேள்வி. பதில் இல்லாதபோது மனுஷி வாயை மூட வேண்டும். நான் மூடவில்லை. புதுசு முன்னாடிதான் என்று மறுபடியும் அதையே சொன்னேன்.

"அப்படின்னா காரே வேணாம்க்கா" என்றான். "கல்யாணத்துக்கு வாடகை வண்டியில போய்க்கிறோம். பத்து நாள் கழிச்சு நாலும் வரட்டும்."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டயர் கடையில் வைத்து, நாலு ஆண்கள் பார்க்க, டயர் விஷயத்தில் என் தம்பி என்னை மறுத்துப் பேசிவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "முப்பது வருசம் நம்ம வண்டி ஓடுனது என் வார்த்தையில. அது உனக்கு மட்டும் ஆகாமப் போச்சாலே?" என்று கேட்டேன்.

அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "சரிக்கா, நீ சொல்றபடியே செய்யி" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டான். நான் ஜெயித்துவிட்டேன். பக்கத்தில் நின்று, புதுசு இரண்டையும் முன்னால் மாட்ட வைத்தேன்.

சாரல்

கல்யாணச் சாப்பாடு முடிந்து மத்தியானத்துக்கு மேல் திரும்பினார்கள். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது. கிருபாவுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். ஒரு கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் சொன்னபடி திரும்பியது. பின் சக்கரம் பிடிமானம் இல்லாமல் விலகிப் போயிற்று. கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடதுபக்கம் தடுப்புச் சுவரில் மோதி நின்றது.

கிருபா உட்கார்ந்திருந்தது இடதுபக்கம். அவள் முழங்கால் நொறுங்கிவிட்டது. டேனிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவே அவனுக்கு எதிராகப் போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிருபாவின் அப்பா கேட்டார். "என்ன வேகத்துல வந்தீக மாப்பிள்ளை?"

"முப்பது, மாமா."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். லாரி டிரைவர் முப்பது என்றால் நம்புவார்கள். அந்தக் காரைப் பார்த்தவர்கள் யாரும் முப்பது என்றால் நம்பமாட்டார்கள். ஸ்போர்ட்ஸ் காரை எவன் முப்பதில் ஓட்டுவான் என்று பஜாரே கேட்டது. குடித்திருந்தான் என்றுகூடச் சொன்னார்கள். என் தம்பி சபையில் கொடுக்கிற திருவிருந்துத் திராட்சை ரசத்தைத் தவிர வேறெதையும் வாயில் வைத்தவனில்லை.

காரை இழுத்துவந்து போட்டிருந்த இடத்துக்குச் சுருளி வந்தான். பின் டயரில் நகத்தை அழுத்திப் பார்த்தான். பள்ளத்தில் இல்லை, ரப்பரின் மேலே. ரப்பர் இறுகிக் கல்லாகியிருந்தது, நகம் இறங்கவில்லை. நான் அழுத்திப் பார்த்திருந்தாலும் இறங்கியிருக்காது. நான் ஆழத்தைத்தான் பார்த்தேன், ரப்பரைப் பார்க்கவில்லை.

"நம்ம மாத்திப் போட்டுட்டோம்க்கா" என்றான் சுருளி. நம்ம என்றது அவன் பெருந்தன்மை.

"இத யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். இன்றுவரை அவன் சொல்லவில்லை.

ஆமென்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் கிருபாவுக்காக ஜெபித்தார்கள். அதோடு டேனிக்காகவும் ஜெபித்தார்கள். வேகத்தின் மேல் இருக்கிற இச்சையிலிருந்து இந்த மகனை விடுவியும் என்று போதகர் வேண்டினார். டேனி ஆண்கள் வரிசையில் தலைகுனிந்து நின்றான். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. இரண்டாவது ஆபரேஷன் முடிந்த பிறகு கிருபா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மதினி, அவுகள உண்மையச் சொல்லச் சொல்லுங்க. வேகமா வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாகன்னா அன்னைக்கே மறந்திருவேன். என்கிட்டயே முப்பது முப்பதுன்னு சொல்லிக்கிட்டு இருக்காக. கால் போனது கூட பெருசில்ல, மதினி. பொய் சொல்றாகளே, அதுதான் தாங்கல."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னது என்ன தெரியுமா? "ஆம்பளைக அப்படித்தான் கிருபா. ஒத்துக்கமாட்டாக."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால், பயந்தேன் என்றுதான் சொல்வேன். டயர் தெரிந்தவள் என்ற பெயரைத் தவிர இந்த ஊரில் எனக்கு வேறென்ன இருந்தது? அது போனால் நான் வெறும் கிழட்டுக் கன்னி. நாளைக்குச் சொல்லலாம், கால் சரியாகட்டும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். மூன்று மாதம் கழித்துக் கிருபா திண்டுக்கல்லில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

டேனி யாரிடமும் டயரைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "நான் முப்பதுலதான் வந்தேன்க்கா" என்றான். தெரியும்லே என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி விடு" என்றுதான் வந்தது.

ஒதுங்கி நின்றான்

போன மாதம் சுருளி போன் செய்தான். "யக்கா, தம்பி வந்திருக்காப்ல. அந்தக் காருக்கு நாலு டயரு கேட்டிருந்தாப்ல, வந்திருச்சு. நீங்களும் ஒரு எட்டு வாங்க."

லாரிகளை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் சுருளிக்கு என்னைக் கேட்காமல் டயர் மாட்டினால் கை ஓடாது. போனேன். மோதிய கதவைத் தட்டி நிமிர்த்தி வண்ணம் அடித்துக் காரைச் சரிசெய்திருந்தார்கள். டேனி அதைக் கொச்சியில் ஒருவருக்கு விற்றுவிடப் போகிறான் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

நாலு டயரையும் வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். டேனி ஒவ்வொன்றாக உருட்டி, அந்த நாலு எண்ணைப் படித்துக்கொண்டு வந்தான். எல்லாம் ஒரே வாரத்தில் செய்தவை.

"யக்கா, நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிருங்க" என்றான் சுருளி. பழக்கதோஷம்.

டேனி எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நான் பார்ப்பதற்காக ஒதுங்கி நின்றான்.

குத்தலாக நின்றிருந்தால் நானும் திருப்பிக் குத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவன் மரியாதையாக நின்றான். என் மேல் கோபப்படக்கூட அவன் பழகிக்கொள்ளவில்லை. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் போயி கிருபாகிட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன்லே" என்றேன்.

"எதுக்குக்கா, இப்போ போயி" என்றான்.

திண்டுக்கல்

கிருபா ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். முழங்கால் மடங்காது என்பதால் உயரமான நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முடியை இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டிருந்தாள். வாங்க மதினி என்றாள். காபி வந்தது. நான் காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நகம் விட்டுப் பார்த்தது, சிரித்தது, புதுசு முன்னாடி என்றது, ஆஸ்பத்திரியில் அவளிடம் சொன்ன வார்த்தை, எதையும் மறைக்கவில்லை.

நான் முடித்த பிறகு அவள் இரண்டு கேள்வி கேட்டாள்.

"பின்னாடி போடணும்னு அவுக சொன்னாகளா?"

"சொன்னான்."

"வாடகை வண்டியில போவோம்னும் சொன்னாகளா?"

"சொன்னான். நாந்தான் கேக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"என்னயக் காட்டிக்கொடுக்க மாட்டான், கிருபா. இப்பவாவது தெரிஞ்சுக்கிட்டியே. கிளம்பு, என்னோட வா. வாடகைக் கார் வெளிய நிக்குது."

அவள் அழுதாள். நான் எதிர்பார்த்த அழுகை இல்லை அது. கோபத்தில் அழுதாள்.

"பொய் சொன்ன மனுசன விட்டுட்டு வந்திருக்கோம்னு மூணு வருசமா ஒரு தைரியத்துல இருந்தேன், மதினி. அந்தத் தைரியத்துலதான் எந்திரிச்சு நடந்தேன். இப்ப பாத்தா உண்மை சொன்ன மனுசன விட்டுட்டு வந்திருக்கேன். அவுக சொன்னத நம்பாம. இனி எந்த முகத்த வச்சுக்கிட்டு அங்கன வர்றது?"

"அவன் ஒண்ணும் நினைக்கமாட்டான்."

"நினைக்கமாட்டாக. எனக்குத் தெரியும். அதான் என்னால வர முடியாது."

எழுந்து, நாற்காலியைப் பிடித்து நின்றுகொண்டாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தீகன்னா ஒங்க மேல ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். நீங்க போயிட்டு வாங்க, மதினி."

திரும்பும்போது வத்தலக்குண்டு தாண்டும்வரை எனக்கு எதுவும் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். என் பாரத்தை அவள் மடியில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன், அவ்வளவுதான்.

டேனி வீட்டு வாசலில் காரின் துணிக்கூரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். துடைத்துக்கொண்டே கேட்டான். வரமாட்டாள் என்பதைக் கேட்டபோதும் கை நிற்கவில்லை.

"முப்பதுதான்னு நம்பிட்டாளா?" என்றான்.

"நம்பிட்டா."

என்னைப் பார்க்காமல், "அன்னைக்கே நீ சொல்லியிருந்தா?" என்று கேட்டான்.

"அன்னைக்கே நம்பியிருப்பா, டேனி."

தலையை ஆட்டினான். துணியை மடித்துக் கதவில் போட்டான். மறுநாள் காலையில் அந்தக் காரை அவனே கொச்சிக்கு ஓட்டிக்கொண்டு போனான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுலே என்றேன். பண்ணவில்லை.